புலிராஜாவின் மனைவி

'புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களில் இருந்த இந்தக் கேள்வியை மீம்களில் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். விளம்பரமாக அபார வெற்றி. ஆனால் ஒரு பிரதியாக வாசித்தால் அதில் ஒரு ஆள் மிஸ்ஸிங். ராஜாவின் மனைவி. அவள் கர்ப்பமாக இருந்தால்?

அவள் பிறகு வந்தாள், 'தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுதல்' என்ற மருத்துவத் தொடரில். அதில் நோய் தொடங்குகிற இடமே அவள்தான். அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்பதற்கு அந்தத் தொடரில் இடமில்லை.

2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றப்பட்ட கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றிய செய்தி எல்லோரையும் உலுக்கியது. நியாயம்தான். ஆனால் அந்த இரக்கத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது: தப்பு அவள்மேல் இல்லை. அப்போ கணவனிடமிருந்து பெற்றவர்கள்? அப்படித் தொற்றுக்கு ஆளான நாமக்கல் கௌசல்யா பெரியசாமி, 1998இலேயே மற்ற பெண்களோடு சேர்ந்து சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கிவிட்டார். நம்முடைய இரக்கம்தான் இருபது வருஷம் லேட்.

சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். மாத்திரையை விடாமல் எடுத்தால் 5க்கும் கீழே. அவள் சம்மதமில்லாமல் கருவைக் கலைக்கவோ கருத்தடை செய்யவோ கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். ஆக, அவள் பிள்ளை பெறலாம். பெற ஆசைப்படுகிறவளின் மனசை எழுதத்தான் ஆளில்லை.

எங்க தேவாலாப் பக்கத்து எஸ்டேட் லயத்தில் அவளை வைத்து யோசிங்க. ரெண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். மாத்திரை டப்பாவை எங்கே ஒளிப்பாள்? வயிற்றில் ஒன்றும் இல்லையென்றால் மாமியார் கேட்பார். பிறந்தபின் புட்டிப்பாலை எடுத்தால், "ஏம்மா, பால் குடுக்கலையா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். மருந்தை விடாமல் எடுத்துக்கொண்டே தாய்ப்பால் தரலாம் என்று இன்று சொல்கிறார்கள். சரி, ஆனால் குழந்தை வாய் வைக்கும்போதெல்லாம் அவளுக்குள் என்ன ஓடும்? பயம் மட்டும்தானா? பெருமை இருக்காதா, சந்தோஷம் இருக்காதா, 'நான் பெத்துக் காட்டினேன்' என்ற வீம்பு இருக்காதா?

குழந்தைக்குத் தொற்று இல்லை என்று உறுதியாகச் சொல்லும் பரிசோதனை 18ஆம் மாதத்தில். அதற்குள் சளி பிடிக்கும், பல் முளைக்கும், காய்ச்சல் வரும். அந்த ராத்திரிகளில் ஒன்றையாவது அவள் பக்கமிருந்து எழுதிய தமிழ்ச் சிறுகதையை நான் வாசித்ததில்லை. உங்களுக்குத் தெரிந்தால் லிங்க் அனுப்புங்க.