கடிகாரம் மட்டும் போதுமா?

நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கண்டறிய ஜான் ஹாரிசன் கடிகாரம் செய்த வரலாற்றை, டாவா சோபெல் 1995-இல் வெளியிட்ட ‘லாஞ்சிட்யூட்’ நூல் சுவையாகக் கூறுகிறது. மாணவர்கள் படிக்கத்தக்க நூல்தான். ஆனால் படித்து முடித்ததும், கடிகாரம் வந்தவுடன் கடற்பயணத்தின் சிக்கல் தீர்ந்துவிட்டது என்ற எண்ணமே நம் மனத்தில் எஞ்சுகிறது. அது சரியா?

1707-இல் சில்லித் தீவுகளருகே ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் நான்கு மூழ்கின. நூலும் இந்த விபத்தைக் கூறுகிறது. எஞ்சிய கப்பற் குறிப்பேடுகளோ அட்சரேகையிலும் பிழை இருந்ததைக் காட்டுகின்றன. அட்சரேகையைத் தருவது கடிகாரமன்று. சூரியனின் உயரத்தை அளக்கும் கோணக் கருவி. தீர்க்கரேகைக்கும் அது தேவை. கடிகாரம் கிரீன்விச் நேரத்தைச் சொல்லும். கப்பல் நிற்கும் இடத்தின் நேரத்தை வானத்திலிருந்துதான் அளந்து பெறவேண்டும்.

அந்த வேலைக்குப் பின்னாளில் வந்தது செக்ஸ்டன்ட். அதுவும் தானாகவே சரியாக இருப்பதில்லை. முதலில், நகரும் கரத்திலுள்ள கண்ணாடி சட்டத்துக்குச் செங்குத்தாக இருக்கவேண்டும். வில்லும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் முறியாமல் ஒரே கோடாகத் தொடர்ந்தால் அது சரி. அடுத்து, அடிவானக் கண்ணாடியும் செங்குத்தாக இருக்கவேண்டும். அளவைச் சுழியத்தின் இருபுறமும் மெல்ல நகர்த்தும்போது, விண்மீனின் பிம்பம் விண்மீன் மீதே கடந்து செல்லவேண்டும். மூன்றாவதாக, அளவு சுழியத்தில் நிற்கும்போது இரு கண்ணாடிகளும் இணையாக இருக்கவேண்டும்.

மூன்றாவதில் எஞ்சும் சிறு பிழையைத் திருகி நீக்க வேண்டியதில்லை. அளந்து குறித்துக்கொண்டால் போதும். நிழற்கண்ணாடிகளை இட்டு, சூரியனின் இரு பிம்பங்களையும் விளிம்போடு விளிம்பு தொடச் செய்யுங்கள். சுழியத்துக்கு இடப்புறம் 34 கலை, வலப்புறம் 30 கலை கிடைத்ததாகக் கொள்வோம். கூட்டுத்தொகை 64, அதில் நாலில் ஒரு பங்கு 16. பஞ்சாங்கம் தரும் அன்றைய சூரிய அரைவிட்டத்தோடு இது ஒத்திருந்தால் உங்கள் அளவீடு நம்பத்தக்கது. வித்தியாசத்தின் பாதியான 2 கலையே கருவியின் பிழை. இடப்புற அளவு மிகுதியாதலால், இனி ஒவ்வோர் அளவிலும் அதைக் கழிக்கவேண்டும்.

இரண்டு கலை அற்பமல்லவா என்கிறீர்களா? ஒரு கலைப் பிழை, அட்சரேகையில் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். இரவில் பாறையைத் தவிர்க்கவும் அதில் மோதவும் அந்த வேறுபாடு போதும்.

ஹாரிசனின் பெருமையை இது குறைக்காது. ஆனால் ஒரு மேதையின் கதையோடு அறிவியல் முடிந்துவிடுவதில்லை. தன் கருவியை நம்புமுன் நாள்தோறும் சோதித்த மாலுமியின் பொறுமையும் அறிவியல்தான். அந்தப் பொறுமைக்கு இந்நூலில் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கலாம்.