பார்க்காத குழாய்க்கு விலை

2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த புறநகர் ஒன்றில் புதிதாகப் பாதாளச் சாக்கடை போடுவதற்கும், பழைய நகரத்துக் குழாயைச் சீரமைப்பதற்கும் டெண்டர் ஆவணம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். தொழில்நுட்ப உறை, விலை உறை, முன்வைப்புத் தொகை. தகுதி பெற்றவர்களுள் குறைந்த விலை போட்டவருக்கு வேலை. புதுக் குழாயின் விட்டமும் ஆழமும் வரைபடத்திலேயே இருக்கின்றன. பழைய குழாயின் நிலை, உள்ளே கேமரா இறங்கும் வரை யாருக்கும் தெரியாது. கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, நீர்மட்டத்துக்கு மேலுள்ள ஈரச் சுவரில் நுண்ணுயிரிகளால் கந்தக அமிலமாகி, கான்கிரீட் குழாயின் மேல் வளைவை முதலில் அரிக்கும். சாலை உள்வாங்கும் வரை வெளியே அறிகுறி இருக்காது. இந்த வேலைக்குக் குறைந்த விலை முறை ஒத்துவராது என்று பலர் சொல்கிறார்கள். விலை கேட்பதற்கு முன், சாக்கடையையும் கவனிக்கும் சென்னைக் குடிநீர் வாரியம் செய்யாமல் விடும் வேலையில்தான் கோளாறு இருக்கிறது என்பது என் கட்சி.

குறைந்த விலை விதியை எளிதாகத் தூக்கி எறிய முடியாது. தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் அதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ‘இவர் வேலை நன்றாக இருக்கும்’ என்று அதிகாரி முடிவு செய்யலாம் என்றால், அந்த ‘நன்றாக’ என்பதற்கே ஒரு விலை ஏற்பட்டுவிடும். மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில், தரம் முக்கியமெனத் தேர்ந்தெடுக்கும் பணிகளில் விலை அல்லாத அம்சங்களுக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் தரலாம் என்று அனுமதித்தது. அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மதிப்பெண் விழுவது அனுபவச் சான்றிதழுக்கும் இயந்திரப் பட்டியலுக்கும்தான். பெரிய நிறுவனம் வேலையை எடுத்து உள்குத்தகைக்கு விட்டால், குழிக்குள் இறங்குவது பழைய ஆட்களே.

1971இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூவர், மெக்சிகோ வளைகுடா ஏலங்களை ஆராய்ந்து ஒன்றைக் காட்டினார்கள்: இருப்பு எவ்வளவு என்று உறுதியாகத் தெரியாத ஏலத்தில், அதை மிகையாக மதிப்பிட்டவரே ஜெயிக்கிறார். நம் டெண்டரில் இது தலைகீழாக நடக்கிறது. குழாயின் சேதத்தை மிகக் குறைவாக எண்ணியவரே முதலிடம் பெறுகிறார். அல்லது சேதம் தெரிந்தே விலையைக் குறைத்து, பிறகு ‘எக்ஸ்ட்ரா ஐட்டம்’ போட்டு மீட்டுக்கொள்ளும் கெட்டிக்காரர். மீட்க வழி இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத செலவில் கை வைப்பார். குழாய்க்குள் புது உறை செருக வேண்டுமானால் மேல்பக்க மேன்ஹோலை அடைத்து, வரும் கழிவைப் பம்ப் வைத்து இரவும் பகலும் கீழ்ப்பக்க மேன்ஹோலுக்குத் தள்ள வேண்டும். டீசல், மாற்று பம்ப், காவலாள் என்று இதற்குச் செலவு அதிகம். இதை மீட்டர் விலைக்குள் அடக்கிக் கேட்டால் முதலில் வெட்டப்படுவது இதுதான். பம்ப் ஓடாத இடத்தில் மனிதர் இறங்குவார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படிச் சாகிறவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. விலை ஒப்பீட்டுப் பட்டியலில் அந்தத் தொகைக்குக் கட்டம் கிடையாது.

ஆகவே டெண்டருக்கு முன்பே, தனி ஒப்பந்தத்தில், வாரியம் தன் செலவில் குழாயைச் சுத்தம் செய்து கேமராவில் பதிவெடுத்து, அந்த வீடியோவை எல்லாப் போட்டியாளருக்கும் தரவேண்டும். நிலத்தடிப் பணிகளுக்காக, ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிடிக் 2019இல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தத்தில் இதற்கு நெருங்கிய ஏற்பாடு இருக்கிறது: நிலத்தின் நிலையை முன்கூட்டியே அறிக்கையாக எழுதிவைத்து, அதைவிட மோசமாக இருந்தால் பாரத்தை வேலை கொடுப்பவர் ஏற்பது. பம்பிங்கைத் தனி இனமாக்கி மணிக் கணக்கில் அளந்து பணம் தரலாம். வீட்டு இணைப்புகளையும் அப்படியே எண்ண வேண்டும். உறை செருகியபின் ஒவ்வொரு இணைப்பையும் உள்ளிருந்து வெட்டித் திறக்க வேண்டும். பதிவேட்டில் இல்லாத ஒன்று விட்டுப்போனால் கழிவு அந்த வீட்டுக்குள்ளேயே எதிர்த்து ஏறும்.

செலவும் தாமதமும் கூடும் என்பார்கள். கூடும்தான்; ஆனால் இன்றும் அந்தச் செலவு எக்ஸ்ட்ரா ஐட்டமாகவும் உள்வாங்கிய சாலையாகவும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நிரம்பி ஓடும் குழாயில் கேமரா எதைப் பார்க்கும் என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. பதிவெடுக்கவும் பம்ப் வேண்டும் என்பதால் எல்லாத் தெருவுக்கும் இது நடக்காது. முதலில் பேருந்து ஓடும் சாலைகளின் கீழுள்ள பெரிய குழாய்களுக்குச் செய்யலாம். கிளைக் குழாய்களுக்குச் சேதத்தைத் தரம் பிரித்து, தரத்துக்கொரு விலை கேட்டு, வேலையின்போது கண்டதற்கேற்பப் பணம் தரலாம். அழுத்தத்தில் ஓடும் குடிநீர்க் குழாய்க்கு இந்தக் கேமரா ஏற்பாடு அப்படியே பொருந்தாது. அங்கே கசிவுச் சோதனையிலிருந்து தொடங்க வேண்டும். எப்படியானாலும், வேலை முடிந்ததும் எடுக்கும் வீடியோவை முந்தைய வீடியோவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே இறுதி பில்லில் கையெழுத்து விழ வேண்டும். இன்று முந்தைய வீடியோ என்று ஒன்று இல்லாததால், வேலை சரியில்லை என்று சொல்லும் உதவிப் பொறியாளரிடமும் ஆதாரம் இல்லை, சரிதான் என்று சாதிக்கும் ஒப்பந்ததாரரிடமும் இல்லை.