தட்டிய ஓசையும் கேளாச் செவியும்

அகதியின் அவலம் இரக்கத்திற்கு மட்டும் உரியதா? போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் அலைக்கழித்த திருகோணமலைக் கரையில், சல்லியிலிருந்து கஸ்ஸான் கனஃபானியைப் படிக்கும் நாம் இதைக் கேட்டேயாக வேண்டும்.

1963இல் வெளிவந்த அவருடைய குறுநாவலில், குவைத்துக்குப் பிழைக்கச் செல்லும் பாலஸ்தீனர் மூவர் வெற்றுத் தண்ணீர்த் தாங்கிக்குள் வெந்து மடிகின்றனர். அவர்கள் ஏன் தட்டவில்லை என்பதே ஆசிரியர் எழுப்பும் கேள்வி. 1972இல் தவ்ஃபீக் சாலிஹ் எடுத்த திரைப்படத்திலோ அவர்கள் தட்டுகின்றனர், எவருக்கும் கேட்கவில்லை. படமே உண்மைக்கு அணுக்கமானது என்போம்.

காசாவில் திருச்சபையார் 1882இல் நிறுவிய அல்அஹ்லி மருத்துவமனை அந்த ஓசையைக் கேட்ட செவி. 2023 அக்டோபர் 17இல் அதன் முற்றத்தில் தஞ்சம் புகுந்தோர் வெடிப்பில் மாண்டனர். 1995 யூலையில் நவாலித் தேவாலயத்தில் குண்டுக்கு இரையான நம்மவரை இது நினைவூட்டுகிறது.

மருந்திடும் கரத்தை வணங்குவோம். ஆனால், அவர்களைத் தாங்கிக்குள் தள்ளிய அமைப்பு எதுவென்று கேளாத இரக்கம் பாதி அறமே.