விதையும் வயலும்: ஆண்மை மருந்து நூல்களின் கருத்துநிலை பற்றிய சில குறிப்புகள்

தமிழிலக்கிய வரலாற்றாசிரியர்கள் வாகட நூல்களைப் பெரும்பாலும் தம் எல்லைக்குப் புறத்தே நிறுத்தி வந்துள்ளனர். யாப்பிலே அமைந்திருப்பினும் இவை பயன்பாட்டு நூல்களே, இலக்கியமல்ல என்பது அவர்தம் நிலைப்பாடு. ஆயின் யாழ்ப்பாண அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் என்பனவும், தமிழகத்தில் அகத்தியர், தேரையர் முதலியோர் பெயரால் வழங்குவனவும் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தபோது, அவற்றின் வாசகர் வைத்தியராக மாத்திரம் இருக்கவில்லை. சங்க நூல்களையோ காப்பியங்களையோ கண்ணாற் காணாத வீடுகளிலும் ஏதேனுமொரு வாகடம் இருந்தது. மக்கள் எதை வாசித்தனர் என்ற வினாவை இலக்கிய வரலாறு எழுப்புமாயின், இந்நூல்களை விலக்கிவைத்தல் இயலாது.

இக்கட்டுரை அப்பரப்பின் ஒரு சிறு கூற்றினை, அதாவது தாவர உணவும் மூலிகையும் ஆணின் 'தாது'வைப் பெருக்கும் என்று கூறும் பகுதியினை, மாத்திரம் எடுத்துக்கொள்கின்றது. இன்று அதே பொருள் 'ஆண் ஓமோன் சமநிலை' என்ற பெயரோடு போத்தலிலும் விளம்பரத்திலும் உலவுகின்றது. இதுபற்றி நம்மிடையே இரண்டு மனப்பான்மைகள் நிலவுகின்றன. சித்தர்கள் ஓமோனை அன்றே அறிந்திருந்தனர் என்று பெருமிதங் கொள்வது ஒன்று. எல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது மற்றொன்று. பின்னையது நம்மைப் போன்ற முற்போக்காளரிடத்துக் காணப்படுவது. இருசாராரும் பாடத்தை வாசிப்பதில்லை.

வடிவத்திலிருந்தே தொடங்கலாம். பதார்த்த குண சிந்தாமணி போன்ற நூல்களில் ஒரு கீரையின் அல்லது வேரின் குணங்கூறும் செய்யுள் பலவிடத்து ஒரு பெண்ணை விளித்தே நடக்கின்றது. மகடூஉ முன்னிலை எனும் இம்மரபு யாப்பருங்கலக்காரிகையிலும் கணக்கதிகாரத்திலும் உண்டாதலின், அதனை வெறும் அசைநிரப்பியென்று கொள்வோர் உளர். எதுகை மோனைத் தேவைக்கு மானும் மயிலும் தேனும் எளிதிற் கைகொடுப்பன என்பது உண்மைதான். ஆயினும், ஆணின் வலிமையைப் பெருக்கும் பூனைக்காலி வித்தின் குணம் ஒரு பெண்ணை விளித்துக் கூறப்படும்பொழுது அவ்விளி வெற்றசையாக நிற்பதில்லை. அவளுக்கு அங்கே விழியும் கூந்தலும் உண்டு; பசியும் களைப்பும் இல்லை. பெண்களின் நோய்க்குத் தனிப் பகுதிகள் இருப்பினும், ஆண்மை கூறும் செய்யுளிலே அவள் கேட்பவளாகவும், மருந்தின் பயனை அளக்கும் அளவுகோலாகவுமே நிறுத்தப்பட்டிருக்கிறாள்.

இந்நோக்கு தமிழுக்கு மாத்திரம் உரியதன்று. சரக சங்கிதையின் சிகிச்சைத் தானத்தில் முதலாம் அத்தியாயம் இரசாயனத்தையும், இரண்டாம் அத்தியாயம் வாஜீகரணத்தையும் பேசுகின்றன. வாஜி என்பது குதிரை. ஆணைக் குதிரையாக்க விழையும் அவ்வத்தியாயம் பெண்ணை க்ஷேத்திரம், அதாவது வயல், என்று குறிப்பிடுகின்றது. விதைப்பவன் ஒருவன், விளைவது ஒரு நிலம், விளைச்சல் மகன். மகன் வழியே குலமும் சொத்தும் தொடர்கின்றன. நிலவுடைமைச் சமுதாயத்தின் உற்பத்தி உறவு உடலின் இலக்கணமாகவே இங்கு எழுதப்பட்டுவிட்டது. (நமது விஞ்ஞானப் பாடநூல்கள் ஆணின் அவ்வுறுப்பை இன்றும் 'விதை' என்றே அழைக்கின்றன.)

உடலைப் பற்றிய கோட்பாடும் இதனோடு இயைந்தே செல்கின்றது. உண்ட உணவு சாரமாகி, சாரம் செந்நீராகி, ஊன், கொழுப்பு, என்பு, மூளை என வடிந்து ஏழாவதாகச் சுக்கிலமாகின்றது. கடைசித் தாது மிகவுஞ் செறிந்தது, ஆகவே மிகவும் அரியது. விளைவு, சேமிப்பு, செலவு, நட்டம் என்னுஞ் சொற்களாலேயே இதனைப் பேசமுடிகின்றது. திருமந்திரம் மூன்றாந் தந்திரத்திற் பேசும் பரியங்கயோகம் செலவழியாது காப்பதைச் சொல்கின்றது. மருந்து நூல்கள் செலவிட்டதை ஈடுசெய்வதைச் சொல்கின்றன. ஒன்று துறவியின் கணக்கு, மற்றையது இல்லறத்தானின் கணக்கு. கணக்குப் புத்தகம் ஒன்றே.

இதனைக் கீழைத்தேய மனத்தின் விசித்திரமென்று கருதுவோருக்கு ஒன்றை நினைவூட்டல் தகும். 1760இல் சுவிற்சர்லாந்து மருத்துவர் திசோ, ஓர் அவுன்சு சுக்கில இழப்பு நாற்பது அவுன்சு இரத்த இழப்பிலும் கொடியது என்று எழுதினார். சிக்கனத்தை அறமாக்கிக்கொண்டிருந்த ஐரோப்பிய நடுத்தர வர்க்கம் அந்நூலை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நம்பியது. நம் நாட்டில் 1976இல் கணநாத் ஒபேசேகர ஆயுள்வேதக் கருத்துகள் தனிமனிதரைப் பாதிக்குமாற்றை ஆராய்ந்தபோது இவ்வச்சத்தை எடுத்துப் பேசினார். 1989இல் பத்மால் த சில்வாவும் திசாநாயக்கவும் வெளியிட்ட ஆய்வு, தம் நோய்க்குச் சுக்கில இழப்பே காரணமென்று முறையிட்டு வந்த இலங்கை ஆண்களைப் பற்றியது. இவர்களது துன்பம் உண்மையானது. அதற்கு அவர்களுக்குக் கிடைத்த மொழிதான் பிறருடையது.

தமிழ் நூல்களில் ஒரு முரண்பாடு உண்டு. அதுவே என்னைப் பெரிதும் ஈர்த்தது. சரகம் கூறும் வாஜீகரண உணவுகள் நெய், பால், சர்க்கரை, உளுந்து, பறவை முட்டை, இறைச்சி என விரிகின்றன. இது செல்வர் வீட்டு அடுக்களைப் பட்டியல். தமிழ் வாகடங்களோ முருங்கை, நெருஞ்சில், நீர்முள்ளி, ஓரிதழ்த்தாமரை, பூனைக்காலி என்பவற்றையும் கூறுகின்றன. வேலியிலும் வரம்பிலும் தரிசிலும் எவருடைய அனுமதியுமின்றி வளர்வன இவை. நிலமற்றவனுக்கும் கைக்கெட்டும் மருந்து என்ற வகையில் இங்கே ஒரு மக்கள் கூறு இருப்பதை மறுத்தலாகாது. ஆனால் செய்யுளின் இறுதிக்கு வரும்போது அனுபானம் குறுக்கிடுகின்றது. பசுப்பாலிற் கொள்க, நெய்யிற் குழைத்துக் கொள்க, தேனிற் கொள்க. நெருஞ்சிலைப் பறிக்கப் பசு வேண்டியதில்லை, உண்ணப் பசு வேண்டும். வர்க்கம் அனுபானத்தின் வழியாக மருந்துக்குள் நுழைகின்றது. அன்றியும், போதிய உணவில்லாத ஓர் உடலில் பாலும் நெய்யும் பல நாள் சேருமாயின், தேறிய பலத்துக்குக் காரணம் வேரோ பாலோ என்று பிரித்தறிவது எளிதன்று.

'ஓமோன்' என்னுஞ் சொல் 1905இல் இலண்டனில் ஸ்ராலிங் என்பவரால் வழக்கிற்கு வந்தது. 1935இல் அம்ஸ்ரடாமில் இலாக்கரின் குழுவினர் ஏறத்தாழ 100 கிலோகிராம் காளை விதைகளிலிருந்து 10 மில்லிகிராம் பொருளைப் பிரித்தெடுத்துத் தெஸ்தோஸ்தரோன் என்று பெயரிட்டனர். அதன்பின் ஆண்மை மருந்து இலக்கியம் தன் சொற்களை மாற்றிக்கொண்டது. வாக்கிய அமைப்பை மாற்றவில்லை. தாது நின்ற இடத்தில் ஓமோன் நிற்கின்றது. குறைந்தது, இழந்தது, கூட்டவேண்டியது என்னும் பயனிலைகள் அப்படியே உள்ளன. ஆனால் ஓமோன் களஞ்சியப் பொருளன்று. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி ஏவ, விதை சுரக்க, சுரந்தது மிகுந்தால் ஏவல் தணியும் ஓர் உறவு அது. சேமிப்புக் கணக்கின் மொழியால் அதனைச் சொல்லவே முடியாது.

மூலிகைகள் அவ்வுறவிலே ஒன்றுமே செய்யா என்று கூறுவதும் தவறு. அமுக்கராவை உண்ட ஆண்களில் தெஸ்தோஸ்தரோன் அளவு 15 சதவீதமளவு கூடியதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன; உட்பட்டோர் சிலரே, காலமுங் குறுகியது. நெருஞ்சில் 1980களில் பல்கேரியாவிலிருந்து மாத்திரையாகப் புறப்பட்டு விளையாட்டு வீரரிடையே பெரும் புகழீட்டியது. ஆயின் 2005இல் அதே பல்கேரியாவைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர், இளைஞரிடத்து அது ஆண் ஓமோனைக் கூட்டவில்லை என்று அறிவித்தனர். சோயா ஆணைப் பெண்ணாக்கும் என்ற அச்சத்தையும் பல ஆய்வுகளின் தொகுப்பாய்வுகள் ஆதரிக்கவில்லை. எல்லாவற்றிலும் சுவையானது அதிமதுரத்தின் கதை. வாஜீகரண யோகங்களில் நெய்யோடும் தேனோடும் இடம்பெறும் இச்சரக்கு, 1999இல் இத்தாலியில் ஏழு ஆண்களுக்கு ஒரு வாரங் கொடுக்கப்பட்டபோது தெஸ்தோஸ்தரோனைக் குறைத்தது. வீழ்ச்சி அவ்வளவு பெரிதன்று எனப் பின்வந்த ஆய்வு கூறினும், கூட்டியதென்று எவருங் கூறவில்லை. சித்தர் ஓமோனை அறிந்திருந்தனர் என்போர் இதற்கு விடை தரவேண்டும்.

தாவரம் உண்மையாகவே ஆண் ஓமோனாக மாறிய ஓரிடம் உண்டு. அது மெக்சிக்கோ. அங்குள்ள காட்டு வள்ளிக்கிழங்கிலுள்ள தயொசுசெனின் என்னும் பொருளிலிருந்து பாலின ஓமோன்களை ஆக்கும் வழியை 1940களில் இரசல் மார்க்கர் கண்டார். 1944இல் அங்கே ஒரு கொம்பனி எழுந்தது. புரொஜெஸ்தரோனைத் தொடர்ந்து தெஸ்தோஸ்தரோனும் கிழங்கிலிருந்து வந்தது. காட்டிலே கிழங்கை அகழ்ந்து சுமந்தவர் ஏழை விவசாயிகள். தாம் அகழ்ந்தது எதுவாகின்றது என்பதை அவருட் பெரும்பாலோர் நெடுங்காலம் அறியார். 1975இல் அரசு ஒரு நிறுவனத்தை அமைத்து அவ்வணிகத்தில் தலையிடும்வரை விலையைத் தீர்மானித்தவர் பிறரே. அதே தயொசுசெனின் வெந்தயத்திலும் உண்டு. எனவே வெந்தயம் ஓமோனைத் தருமென்று விளம்பரம் எழுதுவோர் உளர். மனித உடலுக்கு அம்மாற்றத்தைச் செய்யும் ஆற்றல் இல்லை. அது ஆய்வுகூடத்தின் வேலை, உழைப்பின் வேலை. தமிழில் 'சரக்கு' என்ற ஒரே சொல் மருந்துப் பொருளையும் விற்பனைப் பண்டத்தையும் குறிப்பது தற்செயலாயினும் பொருத்தமானதே. உழைப்பை மறைத்து, ஆற்றல் முழுவதையும் வேருக்குள் வைத்துக் காட்டும்போது மூலிகை முழுச் சரக்காகின்றது.

இளமையில் நீ செய்த தவறே உன் இன்றைய தளர்ச்சி என்பது ஆண்மை மருந்து விளம்பரத்தின் மாறாத கதைப்பின்னல். இழப்புக்குப் பொறுப்பாளி எப்போதும் இழந்தவனே. 2011இல் வெளியான ஓர் ஆய்வு, பத்து இளைஞரை ஒரு வாரம் இரவில் ஐந்து மணித்தியாலமே உறங்கவைத்துப் பார்த்தது. பகற்காலத் தெஸ்தோஸ்தரோன் 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்தது. அமுக்கரா கூட்டுவதாகக் கூறப்படும் அளவும் ஏறத்தாழ அதுவே. இரவுமுறை வேலை செய்யும் தொழிலாளிக்கு இதன் பொருள் விளங்கும். இதனினுங் கொடியது 1977இல் வெளிப்பட்டது. கலிபோர்னியாவில் டிபிசிபி என்னும் புழுக்கொல்லியைத் தயாரித்த தொழிற்சாலையில் ஆண்கள் பலர் மலடாகியிருந்தனர். அந்நாட்டிலே தடைகள் வந்த பின்னரும் மத்திய அமெரிக்க வாழைத்தோட்டங்களில் அது தொடர்ந்து தெளிக்கப்பட்டது. அங்கு பிள்ளையற்றுப்போன ஆண்களுக்கு எந்த இளமைத் தவறைக் காரணங் காட்டுவது?

இவ்விடத்தில் பழைய நூல்களுக்கு ஒரு நியாயம் செய்தாகவேண்டும். அவை மருந்தோடு பத்தியத்தையும் கூறின. இத்தனை நாள் கடுவேலை நீக்கி, இரவு விழியாது, இன்னது உண்டு, இன்னது தவிர்த்து இருக்க என்றன. கூலிக்காரனால் அதனைக் கைக்கொள்ள முடியாது என்பது வேறு. உடலுக்கு ஓய்வும் காலமும் வேண்டுமென்ற அறிவு அங்கே எழுத்தில் இருந்தது. நவீன ஆண்மை மருந்து வாகடத்தின் மூலிகைப் பெயர்களை எடுத்துக்கொண்டது, விளியிலிருந்த பெண்ணை உறையின் மேற் படமாக்கிக்கொண்டது. பத்தியத்தை மட்டும் நீக்கிவிட்டு, 'பத்தியம் இல்லை' என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கின்றது.