‘பதேர் பாஞ்சாலி’யும் அதன் சித்திரக் குறிப்பேடும்

திரைப்படம் ஆக்க முற்படுவோர் எழுத்திலமைந்த திரைக்கதையோடு அமையாது, ஒவ்வொரு காட்சியையும் சிறு சிறு கட்டங்களாக வரைந்து வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்று எங்கும் பரவியுள்ளது. ஸ்டோரிபோர்ட் என வழங்கும் இச்சித்திரத் திட்டம் 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலே வால்ட் டிஸ்னியின் கேலிச்சித்திரப் படக்கூடத்தில் உருப்பெற்றது. வரைந்த சித்திரங்களே அசைந்து படமாகும் ஓரிடத்தில் அது தோன்றியமை இயல்பே. ஆயின், உயிருள்ள மாந்தரையும் மரஞ்செடிகளையும் மழையையும் படம்பிடிக்குங்கால் அது எத்துணைப் பயன்படும் என்பது வேறு வினா. அவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்குச் சத்தியஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) போன்ற நல்ல சான்று பிறிதொன்று கிடைப்பது அரிது.

ராய் தொழிலால் ஓவியர். சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸ், வினோதவிகாரி முகர்ஜி ஆகியோரிடம் பயின்று, 1943இல் கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் அமர்ந்தவர். விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் நாவலைச் சிறுவர்க்கெனச் சுருக்கி வெளியிட்ட பதிப்புக்குப் படம் வரைந்தவரும் அவரே. எனவே, கமராவைத் தொடுமுன்னரே அக்கதையின் மாந்தர் அவர் தூரிகையில் ஒருமுறை பிறந்துவிட்டனர். 1950இல் இலண்டனில் ‘சைக்கிள் திருடர்கள்’ என்ற இத்தாலியப் படத்தைக் கண்டபின், இந்நாவலைப் படமாக்கும் எண்ணம் அவரிடம் உறுதிப்பட்டது.

அப்படத்துக்கு முழுமையான திரைக்கதை எழுதப்படவேயில்லை. சில குறிப்புகளும் மைத்தீற்றலாலான ஒரு சித்திரக் குறிப்பேடுமே இருந்தன. அக்குறிப்பேடு பின்னர் பாரிசிலுள்ள திரைப்படக் காப்பகத்துக்கு ராயினால் அளிக்கப்பட்டது. 2016இல் நூலுருவிலும் வெளிவந்தது. பணமுடையோர்க்குக் காட்டிப் படத்தை விளக்கலாம் என்று அதை அவர் சுமந்து திரிந்தார். ஆடலும் பாடலும் இன்றிப் படமுண்டோ என்றிருந்தோர்க்கு அச்சித்திரங்கள் எதையும் உணர்த்தவில்லை. அவ்வகையில் குறிப்பேடு தோல்வியே.

ஆயினும் மற்றொரு வகையில் அது பெரிதும் உதவியது. பணமின்மையால் படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்று நின்றே நடந்தது. தொடங்கியதற்கும் முடித்ததற்கும் இடையே ஏறக்குறைய மூன்றாண்டுகள் கழிந்தன. மிட்டாய் விற்பவர் ஊர்வழியே செல்ல, சிறுவர் இருவரும் ஒரு நாயும் பின்தொடரும் காட்சியைப் பலரும் அறிவர். அக்காட்சி முடியுமுன்னரே மிட்டாய்க்காரராக நடித்தவர் இறந்துவிட்டார். அவரையொத்த உடலமைப்புடைய வேறொருவரைக் கொண்டு, முகந் தெரியாது முதுகுப்புறமாக எஞ்சிய பகுதி எடுக்கப்பட்டது. படத்தில் அந்த ஒட்டு எவர் கண்ணுக்கும் படுவதில்லை. எக்கட்டத்தின்பின் எக்கட்டம், யார் எத்திசை நோக்கிச் செல்வர் என்பன ஆக்கியோன் மனத்தில் முன்பே வரையப்பட்டிராவிடின் இத்தகைய ஒட்டு வெளித்தெரிந்தே இருக்கும். சித்திரத் திட்டத்தின் மெய்யான பயன் இதுவே.

அதன் எல்லையும் இவ்விடத்தே தோன்றுகின்றது. தமிழிலக்கணத்தார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனச் சேர்த்து வைத்தனர். சித்திரக் கட்டம் நிலத்தை நன்கு காட்டும். பொழுதைக் காட்ட மாட்டாது. ஒரு பார்வை எத்துணை நேரம் நிலைக்கவேண்டும், ஒரு நடை எங்கே தயங்கவேண்டும் என்பவற்றைக் கோடுகளால் எழுதமுடியாது. நாடகத்தை அரங்கேற்றிப் பழகியோர்க்கு இது புதிய செய்தியன்று.

1952 அக்டோபர் இறுதியில் முதல்நாட் படப்பிடிப்பு நாணற்பூக்கள் வெண்மையாகப் பூத்துக் கிடந்த வெளியில் நடந்தது. சிறுவன் அப்பு தமக்கையைத் தேடி நடக்கவேண்டும். சித்திரத்தில் அது ஒரே கட்டம். ஆனால் நடிக்கவந்த சிறுவன் மரப்பாவை போல் விறைத்து நடந்தான். ராய் அவன் வழியில் சுள்ளிகளைப் போட்டுத் தாண்டச் செய்தார். பக்கங்களில் மறைந்திருந்தோரை வெவ்வேறு வேளையில் அவனைக் கூப்பிடச் செய்தார். அவ்வாறு பெற்ற தயக்கமும் திரும்பிப் பார்த்தலுமே இன்று திரையில் இயல்பான தேடலாகத் தோன்றுகின்றன. ஒரு வாரம் கழித்து மீண்டும் சென்றபோது அவ்வெளியில் பூவொன்றும் இல்லை, மாடுகள் மேய்ந்துவிட்டன! எஞ்சிய பகுதிக்காக அடுத்த பூக்காலம் வரை காத்திருக்க நேர்ந்தது. மாடு மேய்வதை எந்த ஓவியன் வரைந்துவைக்க முடியும்?

ஹிச்கொக்கைக் காட்டி இக்கருத்தை மறுப்போர் உளர். படம் தாளிலேயே முடிந்துவிட்டது, இனி எடுப்பது வெறுஞ்சடங்கு என்பதே அவரைப்பற்றி வழங்கும் பெருமை. ‘சைக்கோ’ (1960) படத்தின் குளியலறைக் கொலைக் காட்சிக்கு சோல் பாஸ் சித்திரங்கள் வரைந்தமை உண்மை. எனினும், அவர்தம் படப்பிடிப்பு ஏடுகளை ஆராய்ந்த பில் குரோன், ‘நோர்த் பை நோர்த்வெஸ்ட்’ (1959) படத்தில் வானூர்தி மனிதனைத் துரத்தும் காட்சிக்குரியனவாக உலவிய சித்திரங்கள், படம் பிடித்தபின்னர் விளம்பரத்துக்காக வரையப்பட்டவை எனக் காட்டியுள்ளார். திட்டத்தின் புகழே திட்டத்தை முந்திவிட்ட வேடிக்கை இது. இதனால் ஹிச்கொக்கின் ஆற்றல் குறைந்துவிடாது. அவ்வாற்றல் முழுவதும் தாளில் இருந்தது என்ற நம்பிக்கையே குறைகின்றது.

‘பதேர் பாஞ்சாலி’யின் உச்சக் கட்டத்தில் இது இன்னுந் தெளிவாகும். வெளியூர் சென்ற ஹரிஹரன் வீடு திரும்புகின்றான். மகள் துர்க்கை இறந்ததை அறியாது, அவளுக்கென வாங்கிய சேலையை எடுத்து மனைவியிடம் நீட்டுகின்றான். அதுவரை அடக்கியிருந்த சர்வஜயை சேலையைப் பற்றிக்கொண்டு கதறுகின்றாள். கதறும் முகம் தெரிகின்றது. அவள் குரலோ கேட்பதில்லை. அதன் இடத்தில் தார்செனாய் என்ற நரம்பிசைக் கருவி உச்சத் தொனியில் ஒலிக்கின்றது. ரவிசங்கர் இப்படத்துக்கான இசையை மிகக் குறுகிய நேரத்தில், ஓர் இரவு முழுதும் அமர்ந்து அமைத்தளித்தவர். குறிப்பேட்டின் கட்டத்தில் ஒரு பெண்ணின் திறந்த வாயை வரையலாம். அவ்வாயிலிருந்து குரல் எழாமல் நரம்பின் ஒலி எழவேண்டும் என்பதை வரைவதற்குக் கோடு இல்லை. படத்தைப் பார்த்தோர் பல ஆண்டுகள் கழிந்தும் மறவாதிருப்பது அவ்வொலியையே.