படத்தில் இல்லாத ஊர்

நாவலின் இரண்டாம் பதிப்பில் ஆசிரியர் நாலு பாத்திரங்களை நீக்கிவிட்டால் ஏனென்று கேட்கிறோம். சாலைப் படத்தின் புதிய பதிப்பையும் அப்படியே விமரிசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் நெடுஞ்சாலைப் படம் 2006-ல் புதிதாக வந்தபோது, அதில் 488 சிற்றூர்களின் பெயர்கள் இல்லை. படம் நெரிசலாகிவிட்டது, படிக்க முடியவில்லை என்பது இலாகா சொன்ன காரணம். நியாயந்தான், வெட்டத் தெரியாதவன் பதிப்பாசிரியனே அல்ல. ஆனால் வெட்டுண்ட பெயர்களில் ஒன்று ‘பொயட்ரி டூலிப்’. கவிதையும் பூவும் சேர்ந்த ஊர்ப்பெயர்! அதை அடிக்க எப்படித்தான் கை வந்ததோ?

மிச்சிகன் மாநிலத்தில் கதை நேர்மாறு. அதன் 1978-79 படத்தில், பக்கத்து ஒஹையோ எல்லைக்குள், ‘கோப்ளூ’, ‘பீட்டோசு’ என்று இரண்டு ஊர்கள் முளைத்தன. அப்படி ஊர்களே கிடையாது. நெடுஞ்சாலைக் கமிஷன் தலைவர் பீட்டர் ஃப்ளெச்சர், தாம் படித்த மிச்சிகன் சர்வகலாசாலையின் பந்தாட்டக் கோஷங்களை ஊர்ப்பெயராக்கிச் சேர்க்கச் செய்திருந்தார். ஒஹையோ அணியை வீழ்த்து என்பதே இரண்டாவது ஊரின் பொருள்! பின்னர் இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

இல்லாத ஊரைப் படைப்பது என் பிழைப்பு. ஆகவே ஃப்ளெச்சரை மன்னித்துவிடுகிறேன். இருக்கிற ஊரை இல்லையென்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஜார்ஜியா ஜனங்களும் மன்னிக்கவில்லை. அவர்கள் போட்ட கூச்சலில், பெயர்களைத் திரும்பச் சேர்க்க இலாகா இசைந்தது.

சாலைப் படம் வழி தெரியாதவனுக்கு மட்டுந்தானா? எந்தப் படத்தை விரித்தாலும் நான் முதலில் தேடுவது, வழி நன்றாகத் தெரிந்த என் சொந்த ஊரைத்தான்.