பழசு, புதுசு என்று ஒரு அட்டவணை: முடி நடும் துண்டுப் பிரசுரம் ஒன்றைப் படித்தபோது

போன வாரம் சித்தி மகன் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தான். "அண்ணே, நீங்கதான் எதையாவது தேடிப் படிச்சுக்கிட்டே இருப்பீங்களே, இதுல எது நல்லதுன்னு சொல்லுங்க." அவனுக்கு வயசு 24. இங்கே ஓவேலியில் ஜீப் ஓட்டுகிறான், கொழுந்து மூட்டை ஏற்றுவது இறக்குவதும் அவன்தான். நெற்றி ரெண்டு பக்கமும் மேலே ஏறிவிட்டது. தை மாசம் கல்யாணம், இப்போ ஐப்பசி. கோயம்புத்தூரில் ஒரு முடி நடும் மையத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்கத் தோன்றியதே பெரிய விஷயம்.

பிரசுரத்தின் நடுவில் ரெண்டு கட்டம் போட்ட அட்டவணை. இடது பக்கம் எஃப்.யூ.டி.: பழைய முறை, வெட்டு, தையல், தழும்பு. வலது பக்கம் எஃப்.யூ.இ.: நவீன முறை, வெட்டு இல்லை, தையல் இல்லை, தழும்பே இல்லை. படிக்கிற எவனும் வலது பக்கத்தில்தான் விரலை வைப்பான். அதற்காகவே போட்ட அட்டவணை அது. என் சண்டை அதோடுதான்.

ரெண்டிலும் முடி எடுக்கிற இடம் ஒன்றே: பின்மண்டை. வழுக்கை விழுந்தவர்களுக்கும் அங்கே முடி நிற்கும். எஃப்.யூ.டி.யில் அங்கிருந்து ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு நீளமான தோல் பட்டையை எடுத்துத் தைத்துவிடுவார்கள். அந்தப் பட்டையை மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்து வேர்க்கொத்துகளாகப் பிரிப்பார்கள். ஒரு கொத்தில் ஒன்றிலிருந்து நாலு முடி இருக்கும். எஃப்.யூ.இ.யில் பட்டை கிடையாது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வட்டக் கத்தியால் ஒவ்வொரு கொத்தாகத் துளைத்து எடுப்பார்கள். நடுகிற வேலை ரெண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். டி.எச்.ஐ. என்று தனியாக விற்கிறார்களே, அது பெரும்பாலும் இப்படித் துளைத்து எடுத்ததைப் பேனா மாதிரி ஒரு கருவியால் நடுவது.

இதில் எது பழசு? ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர் 1939-லேயே வட்டக் கத்தியால் முடியோடு தோலைத் துளைத்தெடுத்து நட்டது பற்றி எழுதிவிட்டார். நியூயார்க்கில் ஓரன்ட்ரைக் 1952-ல் ஆண்களின் வழுக்கைக்குச் செய்ததும் வட்டத் துளைதான், 4 மில்லிமீட்டர் அகலத்தில். பொம்மைத் தலையில் நட்ட மாதிரி கொத்துக் கொத்தாகத் தெரியும். பட்டையை மைக்ரோஸ்கோப்பில் பிரிக்கிற முறையை லிம்மர் 1994-ல் வெளியிட்டார். எஃப்.யூ.இ. பற்றிய ராஸ்மேன், பெர்ன்ஸ்டைன் கட்டுரை 2002. ரெண்டுக்கும் நடுவே எட்டு வருஷம்தான். சொல்லப்போனால் 'நவீன' முறைதான் இருப்பதிலேயே பழைய யோசனையின் பேரன், கத்தி மட்டும் சின்னதாகிவிட்டது.

"தழும்பே இல்லை" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.9 மில்லிமீட்டர் துளை ஒன்றின் பரப்பு சுமார் 0.64 சதுர மில்லிமீட்டர். 3,000 துளை போட்டால் 19 சதுர சென்டிமீட்டர். தீப்பெட்டியின் முகப்பு அளவுக்குத் தோல் போகிறது, பொடிப்பொடியாகப் போகிறது. ஒவ்வொரு துளையும் ஆறி ஒரு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். முடி மேலே மூடியிருக்கும்வரை தெரியாது. பேராசைப்பட்டு நெருக்கமாக எடுத்திருந்தால் பின்மண்டை பூச்சி அரித்த மாதிரி ஆகிவிடும். எஃப்.யூ.டி.யில் ஒரே கோடு. கொஞ்சம் முடி வளர்த்தால் மறையும், ஒட்ட வெட்டினால் காட்டிக்கொடுக்கும். தழும்பு ரெண்டிலும் உண்டு, வடிவம்தான் வேறு.

தம்பிக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். தேயிலைக்காட்டில் பிறந்தவனுக்குக் கொழுந்து கிள்ளினால் திரும்பத் துளிர்க்கும், கவாத்து வெட்டினாலும் துளிர்க்கும். முடி எடுப்பது அப்படி இல்லை, தூரோடு பிடுங்கி வேறு மேட்டில் வைப்பது. எடுத்த இடத்தில் மறுபடி வராது. பின்மண்டை ஒரு கையிருப்பு, ஆயுசுக்கும் அவ்வளவுதான். பிரசுரத்தில் "ஒரே நாளில் 4,000 கிராஃப்ட்" என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்களே, 24 வயசுப் பையனின் கையிருப்பில் பெரும்பங்கை ஒரே நாளில் செலவழிக்கும் யோசனை அது. அவன் தலையில் இன்னும் எவ்வளவு கொட்டும் என்று யாருக்கும் தெரியாது. நட்டது நிற்கும், அதற்குப் பின்னால் இருக்கிற சொந்த முடி பின்வாங்கிக்கொண்டே போகும். நாற்பது வயசில் முன்னால் ஒரு தீவு, நடுவில் பொட்டல். மினாக்ஸிடில், ஃபினாஸ்டரைடு போன்ற மருந்துகளைத் தோல் மருத்துவரிடம் கேட்டு ஒரு வருஷமாவது பார்க்கலாம் என்று அந்தக் காகிதத்தில் ஒரு வரி இல்லை. மருந்துச் சீட்டில் மையத்துக்கு என்ன வருமானம்?

சரி, எப்படியும் செய்வேன் என்கிறவன் எதை எடுப்பது? முடியை ஒட்ட வெட்டுகிறவன், கொஞ்சம் போதும் என்கிறவன், தலைத்தோல் இறுக்கமாக இருப்பவன் எஃப்.யூ.இ. பக்கம் போகலாம். நிறைய வேண்டும், முடியை வளர்த்துக்கொள்வேன் என்றால் எஃப்.யூ.டி.யைச் சும்மா ஒதுக்கக்கூடாது. ஆனால் தையல் போட்ட பின்மண்டையோடு சில வாரம் கனம் தூக்க முடியாது, இழுபட்டால் தழும்பு அகலும். கொழுந்து மூட்டை தூக்குகிறவனுக்கு அது சம்பளப் பிரச்சினை. இப்படி ஒரு கட்டம் அட்டவணையில் இருந்திருந்தால் அதை மதித்திருப்பேன்.

அதைவிட முக்கியமான கட்டம் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: கத்தியைப் பிடிப்பது யார்? 2016 மே மாதம் சென்னையில் ஒரு மாணவர் முடி நட்டுக்கொண்டபின் உடல்நிலை மோசமாகி இறந்துபோனார். வயசு 22. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் இறுதியாண்டு படித்தவர். மருத்துவம் படித்தவரே ஏமாந்த இடத்தில் நம்ம ஜீப் டிரைவர் எம்மாத்திரம்? அந்த மையத்துக்கு முடிதிருத்தும் நிலைய உரிமம்தான் இருந்தது என்று அப்போது செய்தி வந்தது. இந்த சிகிச்சையை யூடியூப் பார்த்தோ பயிலரங்கில் பார்த்தோ கற்றுக்கொள்ளக்கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் எழுதி வைக்கவேண்டி வந்தது. எழுதவேண்டி வந்தது என்பதே போதுமான தகவல். தோலை மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயினுக்கு உடல் எடைப்படி உச்ச அளவு உண்டு. மணிக்கணக்கில் நீளும் வேலையில் அதைக் கணக்கு வைக்க ஆள் வேண்டும், ஏதாவது ஆனால் பார்க்கத் தெரிந்த ஆளும் வேண்டும். வீட்டுக்கு வந்தபிறகு ராத்திரி ரத்தம் கசிந்தால் இங்கிருந்து கூடலூர் போகவேண்டும், ரோட்டில் யானை நின்றால் அதுவும் இல்லை.

இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன் கடைசியில், "அதெல்லாம் சரிண்ணே, கல்யாண போட்டோவுல முடி இருக்குமா இருக்காதா?" என்றான்.

நட்ட முடி ரெண்டு மூணு வாரத்தில் பெரும்பாலும் கொட்டிவிடும். மறுபடி முளைக்க மூணு நாலு மாசம், ஒழுங்காகத் தெரிய ஒரு வருஷம் பக்கம் ஆகும். ஐப்பசியில் நட்டால் தையில், பந்தலில் உட்காரும்போது, இப்போது இருப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவன் பிரசுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் தவணைத் திட்டம் மட்டும்தான் இருந்தது.